'காந்தாரா'வுக்கு 78 வருஷம் முன்பே தமிழ் பேசிய கன்னடப் படம்: நமக்கும் கன்னட சினிமாவுக்கும் என்ன பழைய கணக்கு?

ஆலங்குளத்தில் திருநெல்வேலி பஸ் ஏறி, பக்கத்து சீட்டில் இருப்பவரின் போனை லேசாக எட்டிப் பாருங்க. 'கே.ஜி.எஃப்' சீன் ஓடலாம், 'காந்தாரா' கிளைமாக்ஸ் ஓடலாம். ராக்கி பாயும் பூத கோலாவும் சுத்தத் தமிழில் பேசிக்கொண்டிருப்பார்கள். பார்ப்பவருக்கு அது கன்னடப் படம் என்ற நினைப்புகூட இருக்காது.

இதெல்லாம் ஓடிடி வந்த பிறகு நடந்த மேஜிக் என்று நினைக்கிறோம். இல்லைங்க. கன்னடத்தில் எடுத்த ஒரு படம் தமிழில் குரல் மாற்றி வெளியானது 1944-ல். தமிழின் முதல் டப்பிங் படம் என்று சினிமா வரலாற்றில் குறிக்கப்படுவதே அதுதான். அப்போது கன்னட சினிமா பேச ஆரம்பித்தே பத்து வருஷம்தான் ஆகியிருந்தது.

அந்தப் பத்து வருஷத்தில் என்ன நடந்தது? முதல் படங்களை யார் எடுத்தார்கள், எங்கே எடுத்தார்கள்? நமக்குப் படம் கொடுத்த கன்னட சினிமா, பிறகு ஐம்பது வருஷம் தன் வாசலில் டப்பிங்கை அனுமதிக்காமல் வைத்திருந்தது ஏன்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் கன்னடப் பேசும் படம் எது?

'சதி சுலோசனா'. 1934 மார்ச் 3-ம் தேதி பெங்களூர் சிட்டி மார்க்கெட் பக்கம் இருந்த பாரமவுண்ட் தியேட்டரில் வெளியானது. தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31-ல் வந்தது. அதற்கு இரண்டரை வருஷம் கழித்து கன்னடம் திரையில் பேசியது.

கதை ராமாயணத்தில் இருந்து எடுத்தது. ராவணன் மகன் இந்திரஜித்தின் மனைவிதான் சுலோசனா. போரில் தோற்ற வீட்டுப் பெண்ணின் பக்கத்திலிருந்து சொல்லப்படும் கதை. சுலோசனாவாக திரிபுராம்பா, இந்திரஜித்தாக சுப்பையா நாயுடு, ராவணனாக ஆர்.நாகேந்திர ராவ், மண்டோதரியாக லட்சுமிபாய். கதை, வசனம், பாடல்கள் பெல்லாவே நரஹரி சாஸ்திரி. பட்ஜெட் சுமார் 40 ஆயிரம் ரூபாய் என்று சொல்வார்கள்.

தயாரித்தவர் சமன்லால் டூங்காஜி. பெங்களூரில் வியாபாரம் செய்த மார்வாடி. இயக்கியவர் ஒய்.வி.ராவ், நெல்லூர்க்காரர், தெலுங்கு பேசுபவர். படமெடுத்த இடம் மகாராஷ்டிராவில் உள்ள கோலாப்பூர். ஆக, முதல் கன்னடப் படத்துக்குப் பணம் போட்டவர் மார்வாடி, டைரக்டர் தெலுங்கர், ஸ்டுடியோ மராத்தி மண். நடித்தவர்களும் பேச்சும் மட்டும்தான் கன்னடம்.

ஒய்.வி.ராவை நமக்கும் நல்லாவே தெரியும். எம்.கே.தியாகராஜ பாகவதர் நடித்து 1937-ல் வருஷக் கணக்கில் ஓடிய 'சிந்தாமணி'யை இயக்கியவர் இவர்தான். அந்தப் படத்தின் நாயகி அஸ்வத்தம்மா கன்னட நடிகை. 1935-ல் வந்த 'சதாரமே' கன்னடப் படத்தில் நடித்துவிட்டுத் தமிழுக்கு வந்தவர். இன்னொரு தகவல்: நடிகை லட்சுமியின் அப்பாதான் இந்த ஒய்.வி.ராவ்.

அதே 1934-ல் 'பக்த துருவா' என்று இன்னொரு கன்னடப் படமும் வந்தது. முதலில் எடுக்கத் தொடங்கியது அதுதான் என்று சொல்வார்கள். ஆனா தியேட்டருக்கு முந்திக்கொண்டது சுலோசனா. வரலாற்றில் ரிலீஸ் தேதிக்குத்தான் மரியாதை.

பெங்களூரை விட்டு கோலாப்பூருக்கு ஏன் போனார்கள்?

காரணம் சிம்பிள். பெங்களூரில் பேசும் படம் எடுக்க ஸ்டுடியோ இல்லை. இதில் கன்னடர்கள் மட்டும் தனி கிடையாது. நம்ம 'காளிதாஸ்' படமே பம்பாயில்தான் எடுக்கப்பட்டது. ஆரம்ப காலத்தில் தமிழ் நடிகர்கள் ரயில் ஏறி பம்பாய், கல்கத்தா, புனே, கோலாப்பூர் என்று போய் நடித்துவிட்டு வந்தார்கள். 1934-ல்தான் மெட்ராஸில் ஏ.நாராயணன் சீனிவாசா சினிடோன் என்ற ஒலிப்பட ஸ்டுடியோவைத் தொடங்கினார். பிறகு சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ், கோவையில் சென்ட்ரல் ஸ்டுடியோஸ் என்று தமிழ்நாட்டுக்குள்ளேயே வசதி வந்துவிட்டது.

கன்னடத்துக்கு அந்த வசதி வர இன்னும் ரொம்ப காலம் ஆனது. 1940-களின் இறுதியில் மைசூரில் நவஜோதி ஸ்டுடியோ, 1950-களில் பிரீமியர் ஸ்டுடியோ. அதுவரைக்கும், ஏன், அதற்குப் பிறகும் பல வருஷம், கன்னடப் படம் என்றால் பெரும்பாலும் மெட்ராஸ் டிக்கெட்தான்.

நடிக்க வந்தவர்கள் யார்?

எல்லாருமே நாடகக்காரர்கள். நமக்குச் சங்கரதாஸ் சுவாமிகள் வழி வந்த நாடக சபாக்கள், பாய்ஸ் கம்பெனிகள் எப்படியோ, கன்னடத்துக்கு குப்பி வீரண்ணா கம்பெனி அப்படி. துமகூரு பக்கம் குப்பி என்ற ஊரில் 1884-ல் ஆரம்பித்த கம்பெனி அது. இன்னொரு பக்கம் வரதாச்சாரின் ரத்னாவளி கம்பெனி, சுப்பையா நாயுடுவும் நாகேந்திர ராவும் சேர்ந்து நடத்திய சாகித்ய சாம்ராஜ்ய நாடக மண்டலி.

ஊர் ஊராகப் போய், கொட்டகை போட்டு, விடிய விடிய பாடி நடித்தவர்கள் இவர்கள். குரல் வளம் இருந்தது, வசனம் மனப்பாடம், பக்கத்து ஊர் பாஷையும் தெரியும். அப்போது கேமராவும் மைக்கும் ஒரே நேரத்தில் ஓடும். பாடத் தெரியாதவருக்கு சினிமாவில் வேலை இல்லை. அதனால் சினிமாவுக்கு ஆள் வேண்டும் என்றதும் கம்பெனி கம்பெனியாக இவர்களைத்தான் தேடினார்கள்.

நாகேந்திர ராவையும் உங்க தாத்தா பாட்டிக்குத் தெரிந்திருக்கும். ஜெமினியின் 'அபூர்வ சகோதரர்கள்' (1949) படத்தில் எம்.கே.ராதாவை மிரட்டும் வில்லன் அவர்தான். முதல் கன்னடப் படத்தின் ராவணன், பதினைந்து வருஷம் கழித்துத் தமிழ் சினிமாவின் வில்லன்.

'சம்சார நௌகா': கட்டபொம்மனை எடுத்தவரின் முதல் படம்

1936. புராணம் விட்டு வீட்டுக்குள் வந்த முதல் கன்னடப் படம் 'சம்சார நௌகா'. குடும்பம் என்ற படகு என்று அர்த்தம். எச்.எல்.என்.சிம்ஹா இயக்கினார். மேடையில் நன்றாக ஓடிய நாடகத்தைத்தான் படமாக்கினார்கள். மெட்ராஸ் தயாரிப்பு, நன்றாக ஓடிய படம்.

ஹீரோ பி.ஆர்.பந்துலு. ஹீரோயின் எம்.வி.ராஜம்மா. இரண்டு பேருக்கும் இதுதான் முதல் படம்.

பந்துலு என்ற பெயர் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? 'வீரபாண்டிய கட்டபொம்மன்' (1959), 'கப்பலோட்டிய தமிழன்' (1961), 'கர்ணன்' (1964), 'ஆயிரத்தில் ஒருவன்' (1965) எல்லாம் இவர் இயக்கியவைதான். கோலார் மாவட்டத்துக்காரர், கன்னட சினிமாவில் ஹீரோவாகத் தொடங்கியவர்.

நம்ம பக்கத்து ஆட்களுக்கு இது கொஞ்சம் ஸ்பெஷல். பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மன் என்றதும் நம் கண் முன்னே வரும் உருவம், ஒட்டப்பிடாரம் வ.உ.சி. என்றதும் வரும் உருவம், இரண்டும் சிவாஜி முகம். அந்த இரண்டு உருவத்தையும் திரையில் கொண்டு வந்து நிறுத்தியவர் பந்துலு. செங்கோட்டைக்காரர் எஸ்.வி.சுப்பையா பாரதியாராக வாழ்ந்ததும் அதே 'கப்பலோட்டிய தமிழன்' படத்தில்தான். பழைய திருநெல்வேலிச் சீமையின் நாயகர்களைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டு சேர்த்த டைரக்டர், 'சம்சார நௌகா'வில் ஏறி சினிமாவுக்கு வந்தவர்.

ராஜம்மாவும் லேசுப்பட்டவர் இல்லை. 1940-ல் பி.யு.சின்னப்பாவுடன் 'உத்தம புத்திரன்' படத்தில் நடித்தார். 1943-ல் 'ராதா ரமணா' என்ற கன்னடப் படத்தைத் தயாரித்தார். கன்னடத்தில் படம் தயாரித்த முதல் பெண் அவர்தான். 'கர்ணன்' படத்தில் சிவாஜிக்கு அம்மாவாக வரும் குந்தி யார் தெரியுமா? அதே ராஜம்மா. 1936-ல் ஜோடியாக நடித்த இரண்டு பேர், 28 வருஷம் கழித்து ஒருத்தர் கேமராவுக்குப் பின்னாலும் ஒருத்தர் முன்னாலும் நின்று எடுத்த தமிழ்ப் படம் அது.

பத்து வருஷத்தில் ஏன் ஒரு டஜன் படம்தான்?

1934 முதல் 1943 வரை வந்த கன்னடப் பேசும் படங்களை எண்ணினால் ஒரு டஜனை ஒட்டித்தான் வரும். 1937-ல் 'புரந்தரதாசா', 'சிரஞ்சீவி', 'ராஜசூய யாகம்' என்று மூன்று படம். பிறகு நீண்ட இடைவெளி. அடுத்து 1941-ல்தான் 'வசந்தசேனா', 'சுபத்ரா' என்று மறுபடியும் சூடு பிடிக்கிறது. அதே காலத்தில் தமிழில் வருஷத்துக்கு டஜன் கணக்கில் படங்கள் வந்துகொண்டிருந்தன.

திறமை இல்லாமல் இல்லை. மார்க்கெட் சிதறிக் கிடந்தது. அப்போது கர்நாடகா என்று ஒரு மாநிலமே கிடையாது. கன்னடம் பேசுகிறவர்கள் மைசூர் சமஸ்தானம், பம்பாய் மாகாணம், ஹைதராபாத் நிஜாம் பகுதி, மெட்ராஸ் மாகாணம், குடகு என்று பிரிந்து கிடந்தார்கள். ஹூப்ளிப் பக்கம் மராத்தி, இந்திப் படம். பெங்களூரில் தமிழ், தெலுங்குப் படம். ஒரு கன்னடப் படத்துக்குப் பணம் போடுகிறவர் எந்த ஊர் வசூலை நம்பிப் போடுவார்?

1956 நவம்பர் 1-ம் தேதிதான் கன்னடப் பகுதிகள் ஒன்றாகச் சேர்ந்தன. அந்தத் தேதி நமக்கும் முக்கியம். திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்த செங்கோட்டை தமிழ்நாட்டோடு வந்து சேர்ந்ததும் அதே நாள்தான். எல்லை மாறினால் பள்ளிக்கூடத்தில் எந்த மொழி, தியேட்டரில் எந்தப் படம் என்பதெல்லாம் மாறும். தென்காசி, செங்கோட்டைப் பக்கத்துப் பெரியவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

1944: அரிச்சந்திரன் தமிழ் பேசியது எப்படி?

இங்கேதான் காரைக்குடிக்காரர் ஏ.வி.மெய்யப்பச் செட்டியார் உள்ளே வருகிறார். ஏ.வி.எம். என்ற பெயரில் ஸ்டுடியோ வருவதற்கு முன்பு அவர் பிரகதி என்ற பேனரில் படம் எடுத்தார். கன்னட நாடகக்காரர்கள் மேல் அவருக்கு நல்ல நம்பிக்கை. நாகேந்திர ராவ் குழுவின் மேடை நாடகத்தைத் தெலுங்கில் 'பூகைலாஸ்' (1940) படமாக எடுத்தார். அடுத்து கன்னடத்தில் 'வசந்தசேனா'. 1943-ல் சுப்பையா நாயுடு, லட்சுமிபாய், நாகேந்திர ராவ் நடித்த 'சத்ய ஹரிச்சந்திரா'.

அது இரண்டாம் உலகப்போர் காலம். பிலிம் வெளிநாட்டில் இருந்து வர வேண்டும். கிடைப்பதே பெரும்பாடு. ஒரு படம் 11 ஆயிரம் அடிக்கு மேல் போகக்கூடாது என்று பிரிட்டிஷ் அரசு கட்டுப்பாடே போட்டது. அந்த நேரத்தில், எடுத்து முடித்த கன்னடப் படத்தையே தமிழ் பேச வைத்தார் மெய்யப்பன். 1944-ல் 'ஹரிச்சந்திரா' தமிழில் வந்தது. பி.யு.சின்னப்பா, கண்ணாம்பா நடித்த நேரடித் தமிழ் 'ஹரிச்சந்திரா'வும் அதே சமயத்தில் ஓடிக்கொண்டிருந்தது. போட்டியைப் பாருங்க!

டெக்னிக்கலாக இது எப்படி நடந்தது? பிலிம் பிரதியில் படத்துக்குப் பக்கத்திலேயே ஒரு மெல்லிய பட்டையாக ஒலி பதிவாகியிருக்கும். படத்தின் நெகட்டிவும் ஒலியின் நெகட்டிவும் தனித்தனி. இரண்டையும் சேர்த்துத்தான் தியேட்டருக்குப் பிரதி போடுவார்கள். அதனால் ஒலியை மட்டும் புதிதாகப் பதிவு செய்து பழைய படத்தோடு சேர்க்க முடியும்.

கஷ்டம் உதட்டில்தான். கன்னடமும் தமிழும் சொந்தக்கார மொழிகள். வாக்கியத்தில் வினைச்சொல் இரண்டிலும் கடைசியில்தான் வரும். அது டப்பிங்குக்குப் பெரிய உதவி. ஆனா ஒரு சிக்கல் இருக்கு. தமிழில் 'ப' என்று தொடங்கும் பல சொற்கள் கன்னடத்தில் 'ஹ' ஆகிவிட்டன. பால் என்பது ஹாலு. புலி என்பது ஹுலி. பெயர் என்பது ஹெசரு. கண்ணாடி முன்னாடி நின்று சொல்லிப் பாருங்க. 'ப' சொன்னால் உதடு மூடித் திறக்கும், 'ஹ' சொன்னால் மூடாது. திரையில் உதடு திறந்தே இருக்கும்போது 'பால்' என்று குரல் வந்தால் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். அதனால் டப்பிங் வசனம் எழுதுகிறவர் அர்த்தத்தோடு சேர்த்து உதட்டையும் பார்த்து வேறு சொல் தேட வேண்டும். இன்றைக்கு 'காந்தாரா'வுக்குத் தமிழ் வசனம் எழுதுகிறவருக்கும் இதே தலைவலிதான்.

பிறகு ராஜ்குமார் வந்தார்

1954-ல் 'பேடர கண்ணப்பா'. இயக்கம் மறுபடியும் எச்.எல்.என்.சிம்ஹா. கதை நமக்குத் தெரிந்த வேடன் கண்ணப்ப நாயனார். ஹீரோ ஒரு நாடக நடிகர், பெயர் முத்துராஜ். இந்தப் படத்தோடு அவர் ராஜ்குமார் ஆனார். குப்பி கம்பெனியில் நடித்த சிங்காநல்லூர் புட்டசாமய்யாவின் மகன். 1929-ல் அவர் பிறந்த காஜனூர் இன்று ஈரோடு மாவட்டம் தாளவாடிப் பக்கம், தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கிறது. 2000-ம் ஆண்டு வீரப்பன் அவரைக் கடத்திப் போனதும் அங்கிருந்துதான்.

கன்னட சினிமாவுக்கு முதன்முதலாகச் சொந்தமாக ஒரு பெரிய ஸ்டார் கிடைத்தது அப்போதுதான். ஆனா படப்பிடிப்பு, எடிட்டிங், லேப் எல்லாம் இன்னும் மெட்ராஸில்தான் இருந்தன.

டப்பிங் கதவைச் சாத்தியது ஏன்?

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு 1960-களை யோசிச்சுப் பாருங்க. சொந்தத் தலைநகரமான பெங்களூரிலேயே தியேட்டர் பிடிக்க தமிழ், தெலுங்கு, இந்திப் படங்களோடு கன்னடப் படம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. அந்தப் படங்களே டப் ஆகி கன்னடத்தில் பேசவும் ஆரம்பித்தால், நேரடிக் கன்னடப் படத்தை யார் எடுப்பார்கள், நடிகர்களுக்கும் டெக்னீஷியன்களுக்கும் யார் வேலை கொடுப்பார்கள்? எழுத்தாளர்களும் சினிமாக்காரர்களும் சேர்ந்து குரல் கொடுத்தார்கள். டப்பிங் நின்றது. சட்டம் எதுவும் போடவில்லை, தொழிலுக்குள் ஓர் ஒப்பந்தம் மாதிரி. மாநில அரசும் சொந்த மண்ணில் எடுக்கும் படங்களுக்கு மானியம் கொடுக்க, தொழில் மெல்ல மெல்ல மெட்ராஸை விட்டு பெங்களூருக்கு நகர்ந்தது.

பலன் கிடைத்தது உண்மை. விலையும் இருந்தது. கன்னடம் மட்டுமே தெரிந்த ஒருவர், வேற்றுமொழிப் படம் பார்க்கணும்னா ரீமேக்குக்குக் காத்திருக்க வேண்டும், இல்லை புரியாத மொழியில் பார்க்க வேண்டும். 2012-ல் ஆமிர் கானின் 'சத்யமேவ ஜயதே' டிவி நிகழ்ச்சி தமிழிலும் தெலுங்கிலும் பேசியது, கன்னடத்தில் வர முடியவில்லை. பார்வையாளர் தரப்பு புகாரோடு இந்தியப் போட்டி ஆணையத்திடம் போனது. டப்பிங்கைத் தடுப்பது போட்டிச் சட்டத்துக்கு எதிரானது என்று சொல்லி, கர்நாடகத் திரைப்பட வர்த்தக சபை உள்ளிட்ட அமைப்புகளுக்கு 2015 ஜூலையில் ஆணையம் அபராதம் போட்டது.

2017 மார்ச்சில், எதிர்ப்புகளுக்கு நடுவே, ஒரு டப்பிங் படம் கர்நாடகத் தியேட்டருக்கு வந்தது. பெயர் 'சத்யதேவ் ஐ.பி.எஸ்.' நம்ம அஜித் நடித்த 'என்னை அறிந்தால்'தான் அது. 1944-ல் கன்னடப் படம் தமிழ் பேசியது. பல பத்தாண்டு இடைவெளிக்குப் பிறகு கன்னடம் கதவைத் திறந்தபோது உள்ளே போனது ஒரு தமிழ்ப் படம்.

சரி, இது இப்போ எதுக்கு?

தென்காசி, ஆலங்குளம் பக்கத்திலிருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போனவர் இல்லாத தெரு குறைவு. அங்கே மொழிச் சண்டை கிளம்பும்போதெல்லாம் இங்கே போன் அடிக்கும். 2025-ல் 'தக் லைஃப்' பட விழாவில் கமல் பேசியது சர்ச்சையாகி, படம் ஜூன் 5-ம் தேதி கர்நாடகாவில் ரிலீஸ் ஆகாமல் போனது, விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 'உன் மொழி எங்களிடமிருந்து வந்தது', 'உன் படம் எங்களுக்கு வேண்டாம்' என்று இரண்டு பக்கமும் கமென்ட் பறந்தது.

அந்தக் கமென்ட்களுக்கு நடுவே இந்தப் பழைய கணக்கை வைத்துப் பாருங்க. பக்கத்து மொழிக்காரர்கள் நம்மைப் பார்த்து ஏன் கொஞ்சம் உஷாராகிறார்கள் என்பது புரியும். சொந்தமாக ஒரு ஸ்டுடியோ கட்டுவதற்கே பதினைந்து வருஷம் காத்திருந்த தொழில் அது. அந்த பயத்துக்கு ஒரு நியாயம் இருந்தது. அதே சமயம், கட்டபொம்மனை நமக்குக் காட்டியவர் அங்கிருந்து வந்தவர், அவர்களுடைய முதல் சமூகப் படம் உருவானது நம் மெட்ராஸில் என்பதும் இதே கணக்கில்தான் இருக்கிறது.

ஒரே ஒரு வருத்தம். 'சதி சுலோசனா'வை இன்று யாராலும் பார்க்க முடியாது. பிரதி இல்லை. நம்ம 'காளிதாஸ்' படத்துக்கும் அதே கதிதான். அந்தக் காலத்து நைட்ரேட் பிலிம் சுலபமாகத் தீப்பிடிக்கும், சூட்டிலும் ஈரத்திலும் தானாகவே மட்கும். மிச்சம் இருந்ததையும் அதில் உள்ள வெள்ளிக்காக உருக்கி விற்றார்கள். புனேவில் தேசிய திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கியதே 1964-ல்தான். முதல் கன்னடப் படம் வந்து முப்பது வருஷம் கழித்து.

ஆனா 'கர்ணன்' இருக்கிறது. டிஜிட்டலில் புதுப்பித்து 2012-ல் தியேட்டரில் ஓட்டினார்கள். அடுத்த முறை பார்க்கும்போது, குந்தி வரும் காட்சியில் ஒரு நிமிஷம் நிறுத்துங்க. அந்த முகம் முதன்முதலில் கேமராவைப் பார்த்தது 1936-ல், ஒரு கன்னடப் படத்துக்காக.